றிக்காடோவும் நானுஓயாவும்: பழம்பொருளியலாளரின் வர்த்தகக் கோட்பாடு பற்றிய ஒரு மதிப்பீடு

பொருளியல் கற்கப் புகும் மாணவர் சர்வதேச வர்த்தகம் என்னும் பகுதியைத் தொட்டதும் முதலில் எதிர்கொள்வது இங்கிலாந்தின் துணியையும் போர்த்துக்கலின் திராட்சை மதுவையுமே ஆகும். டேவிட் றிக்காடோ 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் காட்டிய அக்கணக்கு எளிமையானது. ஒருமுறை விளங்கிக்கொண்டவர் மறவாதது. அதற்கு இலங்கை உதாரணம் ஒன்று கூறுக என்றால் நாம் தயங்காது தேயிலையைக் கூறுகின்றோம். மலைநாட்டின் மண்ணும் மழையும் குளிரும் தேயிலைக்கு உகந்தவை. ஆகவே தேயிலையை ஏற்றுமதி செய்து அரிசியையும் துணியையும் இயந்திரங்களையும் பெற்றுக்கொள்வது நாட்டுக்கு நன்மை என்று விடை முடிகின்றது.

இவ்விடை சரியானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இது வெறும் பாடநூல் வினாவன்று. தோட்டத் தொழிலாளியின் கூலியை உயர்த்தவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கூலி உயர்ந்தால் உலகச் சந்தையில் நமது தேயிலையின் ஒப்பீட்டு நன்மை பறிபோய்விடும் என்று கூறப்படுகின்றது. ஒரு கோட்பாடு ஒரு சமூகத்தின் உணவுத் தட்டுவரை வந்து தீர்ப்புக் கூறுமாயின், அக்கோட்பாடு உண்மையில் என்ன சொல்கின்றது, எந்த நிபந்தனைகளோடு சொல்கின்றது என்பதை ஆராய்வது பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும்.

நிலைய மேடையிலிருந்து ஒரு நோக்கு

ஆராய்ச்சியை நானுஓயாவிலிருந்து தொடங்கலாம். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் அமைந்த இவ்வூருக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது 1885ஆம் ஆண்டிலாகும். கோப்பித் தோட்டக்காரரின் வற்புறுத்தலால் தொடங்கப்பட்ட அப்பாதை 1867இற் கண்டியை எட்டியது. நானுஓயாவை எட்டியபோதோ கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1900 அளவில் அது மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலைவரை ஒரு குறுகிய பாதையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டு, 1940களில் மூடப்பட்டது.

இப்பாதையில் இறங்கிய பெட்டிகளில் இருந்தது தேயிலை. ஏறிய பெட்டிகளில் இருந்தது அரிசி. ஏற்றுமதி, இறக்குமதி என்னும் இரு சொற்களும் ஒரே நிலைய மேடையிற் கண்ணாற் காணக்கூடியனவாய் இருந்தன. றிக்காடோவின் கணக்கு உயிர்பெற்று நிற்பதுபோலவே தோன்றும். ஆயினும் அம்மேடையில் இறங்கிய மூன்றாவது பொருளொன்றும் உண்டு. அது பொருளன்று, மனிதர். அக்கணக்கில் அவருக்கு இடமில்லை.

கோட்பாடு கூறுவது

பழம்பொருளியலாளர் என்று நாம் குறிப்பது அடம் சிமித், றிக்காடோ, மல்தஸ், ஜோன் ஸ்ருவாட் மில் முதலியோரை. அவர்கள் வர்த்தகத்தை வளர்ச்சியிலிருந்து பிரித்து நோக்கியவரல்லர். 1776இல் வெளிவந்த தமது நூலிற் சிமித் இரு கருத்துக்களை முன்வைத்தார். சந்தை விரியும் அளவுக்கே தொழிற்பிரிவு விரியும். வெளிநாட்டு வர்த்தகம் சந்தையை விரிப்பதால் உற்பத்தித் திறனும் பெருகும் என்பது ஒன்று. உள்நாட்டில் தேவைப்படாத மிகை விளைவுக்கு வர்த்தகம் ஒரு வாயில் திறந்துவிடுகின்றது என்பது மற்றது.

றிக்காடோவின் கணக்கு இன்னும் நுட்பமானது. குறித்த அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேரின் உழைப்பும், குறித்த அளவு மதுவை ஆக்க 120 பேரின் உழைப்பும் தேவை. போர்த்துக்கலில் முறையே 90 பேரும் 80 பேரும் போதும். இரண்டு பொருள்களிலும் போர்த்துக்கல்லே திறமையுடையது. ஆயினும் அது மதுவை மட்டும் ஆக்கி இங்கிலாந்தின் துணிக்கு மாற்றிக்கொண்டால், 80 பேரின் உழைப்பைக் கொடுத்து 90 பேரின் உழைப்புக்குரியதைப் பெறும். இங்கிலாந்தோ 100 பேரின் உழைப்பைக் கொடுத்து 120 பேரின் உழைப்புக்குரியதைப் பெறும். இரு நாடும் நன்மையடைகின்றன. முழுமையான திறமையன்று, ஒப்பீட்டுத் திறமையே வர்த்தகத்தைத் தீர்மானிக்கின்றது என்பது இதன் சாரம். நலிந்த நாடும் வர்த்தகத்தால் நன்மை பெறலாம் எனக் காட்டியமையே இக்கோட்பாட்டின் சிறப்பு.

இக்கணக்கில் ஓரிடத்திலும் கூலி பேசப்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கணக்கிடப்பட்டது உழைப்பின் அளவே. உழைப்புக்குக் கொடுக்கப்பட்ட பணமன்று.

தலைகீழான நிபந்தனை

இக்கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றது. ஒரு நாட்டுக்குள்ளே மூலதனமும் உழைப்பும் தொழிலுக்குத் தொழில் தடையின்றிப் பெயரும். நாட்டின் எல்லையை அவை எளிதிற் கடப்பதில்லை. றிக்காடோ இதனை மறைக்கவில்லை. தாய்நாட்டையும் பழகிய சட்டங்களையும் விட்டு அந்நிய நாட்டிற் பொருளை முடக்க மனிதர் தயங்குவர் என்றும், அத்தயக்கம் குன்றுவதைத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் அதே அதிகாரத்திற் கூறிச் செல்கின்றார்.

மலைநாட்டில் நிகழ்ந்தது யாது? மூலதனம் கடல்கடந்து வந்தது. வந்தவர் பிரித்தானியத் தோட்டக்காரரும் பின்னர் இலண்டனிற் பதிவுபெற்ற ஸ்ரேர்லிங் கம்பனிகளுமாவர். உழைப்பும் கடல்கடந்து வந்தது. வந்தவர் தமிழகத்தின் பஞ்சம் வாட்டிய மாவட்டங்களின் மக்கள். எல்லையைக் கடக்காதெனக் கோட்பாடு கூறிய இரண்டும் எல்லையைக் கடந்தன.

அதற்கு மாறாக, நாட்டுக்குள்ளே தடையின்றிப் பெயரவேண்டிய உழைப்புப் பெயர முடியாது நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டுப் போதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. துண்டு முறையின்கீழ்த் தொழிலாளியின் கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டமே அவனை எடுத்துக்கொள்ளலாம். அவன் தானாகப் பெயரவில்லை. கங்காணியின் கூட்டத்தோடும் கடனோடும் பெயர்க்கப்பட்டான். 1921இலேயே அம்முறை நீக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியபோது, தோட்டத்துக்கு வெளியே நிலமோ வேறு தொழிலோ தேடும் வழி மேலும் அடைபட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கடலைக் கடக்கச் செய்வதற்கு அரசுகளுக்கு வழி இருந்தது. தோட்டத்தின் எல்லையைக் கடக்கச் செய்வதற்கு இருக்கவில்லை.

ஆகவே மலைநாட்டுத் தேயிலை றிக்காடோ கோட்பாட்டின் உதாரணமன்று. அதன் நிபந்தனைகள் தலைகீழாக்கப்பட்ட நிலைமையாகும். இத்தகைய நிலைமையை றிக்காடோ அறியாதவரல்லர். துணியும் மதுவும் போர்த்துக்கலிலேயே மலிவாய் ஆக்கப்படக்கூடியபோது, இங்கிலாந்தின் மூலதனமும் உழைப்பும் அங்குப் பெயருமாயின், அது இங்கிலாந்தின் மூலதனக்காரருக்கும் இரு நாட்டு நுகர்வோருக்கும் நன்மை பயக்கும் என்று அவர் எழுதினார். நன்மை பெறுவோரின் அப்பட்டியலில் மூலதனக்காரர் உளர், நுகர்வோர் உளர். பெயர்ந்து சென்ற தொழிலாளரின் பெயர் இல்லை. நானுஓயாவின் வரலாற்றுக்குப் பொருந்தும் பகுதி புகழ்பெற்ற அக்கணக்கன்று. கணக்கை அடுத்து வரும் இப்பகுதியே.

சிமித்தின் மிகை விளைவுக் கருத்தும் இங்குப் பொருந்துமாறில்லை. பயன்படாது கிடந்த நிலமும் உழைப்பும் வர்த்தகத்தாற் பயன்பெறும் என்பது அக்கருத்து. மலைநாட்டு நிலம் பயன்படாது கிடந்ததா? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதியால் உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதென அனுமானித்தது. கண்டிய விவசாயி சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய நிலமும் அதனுள் அகப்பட்டது. அந்நிலம் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. மிகை நிலம் இயற்கையிற் கிடைத்ததன்று; சட்டத்தால் ஆக்கப்பட்டது. உழைப்போ உள்நாட்டில் மிகையாய் இருந்ததன்று, வெளியிலிருந்து கொணரப்பட்டது. மலைநாட்டுக்கு அரிசி அனுப்பிய அதே பர்மாவிற் பிறந்த பொருளியலறிஞர் ஹிலா மியின்ற், 1958இல் எழுதிய கட்டுரையில் சிமித்தின் இக்கருத்தை மீட்டெடுத்தார். அது சிறுவிவசாயியின் ஏற்றுமதிப் பயிருக்குப் பொருந்தும் அளவுக்குப் பெருந்தோட்டத்துக்குப் பொருந்தாது என்பது அவர் எழுத்துக்களைக் கற்போர்க்குப் புலனாகும்.

மில் கண்ட உண்மை

இவ்வுண்மையைத் தெளிவாகக் கூறியவர் பழம்பொருளியலாளருள் மில் ஒருவரே எனலாம். 1848இல் வெளிவந்த தமது நூலில், மேற்கிந்தியக் குடியேற்றங்களைத் தமக்கெனச் சொந்த மூலதனமுடைய நாடுகளாகக் கொள்ளுதல் தகாது என்று அவர் எழுதினார். சீனி, கோப்பி முதலியவற்றை விளைவித்துக்கொள்ள இங்கிலாந்து வசதியெனக் கண்ட இடங்களே அவை. அவற்றோடு நிகழும் வாணிபம் நாட்டுக்கும் நாட்டுக்குமிடையிலான வர்த்தகத்தைவிட, நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்குமிடையிலான போக்குவரத்தையே ஒத்தது என்பது அவர் கருத்து.

மில் மலைநாட்டைக் குறித்து இதனைக் கூறவில்லை. ஆயினும் இது நமக்கும் பொருந்தும். தேயிலைக் கொழுந்து பறித்த சில மணி நேரத்துள் வாட்டப்பட வேண்டியதாகையால் தொழிற்சாலை தோட்டத்திலேயே அமைந்தது. கலத்தல், பொதிசெய்தல், பெயரிட்டு விற்றல் என்பனவோ நெடுங்காலம் பெரும்பாலும் பிரித்தானியாவிலேயே நிகழ்ந்தன. 1883இற் கொழும்பில் ஏலம் தொடங்கிய பின்னரும் இலண்டன் ஏலம் 1998வரை நீடித்தது. வளர்முக நாடுகளில் அந்நியர் நிறுவிய ஏற்றுமதித் துறைகள் பொருளியல் நோக்கில் மூலதனமிட்ட நாடுகளின் உள்நாட்டுப் பகுதியே என ஹான்ஸ் சிங்கர் 1950இற் கூறியபோது, அவர் மில்லின் கருத்தையே விரித்துரைத்தார் எனலாம். நமது நாட்டவரான எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட நூலிற் பெருந்தோட்டத்தின் பின்தங்கிய தன்மையை ஆராய்ந்து, அதனை ஆட்டிவைத்த வணிக மூலதனத்தைச் சுட்டிக்காட்டினார்.

வளர்ச்சி எங்கே நிகழ்ந்தது?

வர்த்தகம் வளர்ச்சியைத் தரும் என்ற பழம்பொருளியலாளர் கூற்றுப் பொய்யன்று. ஆனால் வளர்ச்சி எங்கே நிகழ்ந்தது என்று கேட்கவேண்டும். உணவு விலை உயரக் கூலி உயரும். கூலி உயர இலாபம் குறையும். இலாபம் குறைய மூலதனத் திரட்சி தேயும். இதுவே றிக்காடோவின் வளர்ச்சிக் கோட்பாட்டின் சுருக்கம். வெளிநாட்டு வர்த்தகம் தொழிலாளர் நுகரும் பொருள்களை மலிவாக்கும்போதே இலாப வீதத்தை உயர்த்தும் என்றும் அவர் கூறினார். 1815ஆம் ஆண்டின் தானியச் சட்டத்தை அவர் எதிர்த்ததும் இக்காரணத்தாலாகும். அவர் இறந்து பல ஆண்டுகளின் பின் 1846இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இதனை நானுஓயாவின் இரு பெட்டிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேநீர் இங்கிலாந்துத் தொழிலாளியின் அன்றாடப் பானமாயிற்று. இறங்கிய பெட்டி அவனது வாழ்க்கைச் செலவைக் குறைத்தது. அதன் பயன் அங்குள்ள உற்பத்தியாளரையும் தொழிலாளரையும் சேர்ந்தது. ஏறிய பெட்டியில் வந்த பர்மிய, இந்திய அரிசி தோட்டத்திற் கூலிக் கணக்கில் வழங்கப்பட்டது. அது இங்குள்ள தொழிலாளியின் வாழ்க்கைச் செலவைக் குறைத்தது. அதன் பயனும் அவனைச் சேரவில்லை. பணக்கூலியை உயர்த்தாதிருக்கவே உதவியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை விதிக்கும்வரை அக்கூலி பல பத்தாண்டுகள் பெரிதும் அசையாது நின்றது. இரு பெட்டிகளும் இலாபத்தை உயர்த்தின. அவ்விலாபம் திரண்ட இடமோ வேறு. றிக்காடோவின் கோட்பாடு இங்குத் தோற்கவில்லை. அது நூற்றுக்கு நூறு வென்றது. வெற்றியின் விளைவு வேறொரு நாட்டிற் போய்ச் சேர்ந்தது.

சந்தை விரியத் தொழிற்பிரிவு விரியும் என்ற சிமித்தின் எதிர்பார்ப்பும் அரைகுறையாகவே நிறைவேறியது. தொழிற்சாலைக்குள் உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் வந்தன. மலையிலோ கூடையும் கையுமே நிலைத்தன. காலைப் பிரட்டில் நின்று பெயர் கொடுக்கும் பெண், தன் தாயும் பாட்டியும் பறித்த முறையிலேயே பறித்தாள். மலிந்த உழைப்பு இருந்தவிடத்து அதன் திறனை உயர்த்த முதலிட யாருக்கும் தேவை எழவில்லை. குறைந்த கூலி குறைந்த திறனை ஈன்றது. குறைந்த திறன் குறைந்த கூலிக்கு நியாயமாயிற்று.

எதிர்வாதம்

இங்கு ஓர் எதிர்வாதத்தைக் கேளாது செல்லல் முறையன்று. இவ்வர்த்தகம் இல்லையேல் இம்மக்கள் 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் மடிந்திருப்பரன்றோ? பாதையும் துறைமுகமும் அரச வருமானமும் தேயிலையாற் கிடைத்தவையன்றோ? இவை புறக்கணிக்கத்தக்க வாதங்களல்ல. இலங்கையின் இலவசக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஏற்றுமதிப் பயிர்களின் வருமானம் பெரிதும் துணைநின்றது. இவ்வாய்வேட்டைப் படிப்போரிற் பலர் அக்கல்வியின் பிள்ளைகளே.

ஆனால் இவ்வாதத்தின் முதற்பகுதி ஒரு மனிதனின் நிலையைப் பஞ்சத்தோடு ஒப்பிடுகின்றது. பஞ்சத்தோடு ஒப்பிட்டால் எக்கூலியும் நற்கூலியே. றிக்காடோ ஒப்பிட்டது வர்த்தகத்தின் முன்னும் பின்னும் ஒரு நாடு பெற்ற பயனை. சாவையும் கூலியையும் அன்று. இரண்டாம் பகுதியைப் பொறுத்தவரை, 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றன. அவை அரசின் கைக்கு வர 1970கள் ஆயின. வருமானம் ஈட்டிக்கொடுத்தவரே அவ்வருமானத்தின் பயனைக் கடைசியிற் பெற்றனர்.

1972ஆம் 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. உடைமை மாறிற்று. லயமும் பிரட்டும் நாட்கூலியும் மாறவில்லை. அந்நிய மூலதனம் என்ற ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஏற்றுமதிப் பயன் உழைப்பவரைச் சேரும் வழி அமைக்கப்படாதவிடத்து, உடைமையாளர் எவராயினும் விளைவு ஒன்றே.

கூலியும் ஒப்பீட்டு நன்மையும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டபோது பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றை நாடின. கூலி உயர்ந்தாற் சந்தை போய்விடும் என்ற வாதம் அப்போதும் கேட்டது. இவ்வாதத்துக்குப் பழம்பொருளியலாளர் துணைநிற்பரா?

றிக்காடோ நிற்கமாட்டார். கூலி உயர்ந்தாற் பொருளின் பெறுமதியும் உயரும் என்ற கருத்தை மறுப்பதே அவர் நூலின் முதல் அதிகாரத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. நிலையான மூலதனத்தின் அளவு வேறுபடுமிடத்துச் சில திருத்தங்கள் வேண்டும் என ஒப்புக்கொண்டும், கூலி உயரக் குறைவது இலாபமே என்று அவர் வற்புறுத்தினார். சிமித்தும் நிற்கமாட்டார். தாராளமான கூலி வளர்ச்சியின் விளைவு மட்டுமன்று, தொழிலாளியின் ஊக்கத்தையும் உழைப்பையும் பெருக்கும் காரணமுமாம் என்பது அவர் துணிபு.

இலாபம் மிகக் குறைந்தால் மூலதனம் துறையைவிட்டு விலகும் என்று விடையிறுக்கலாம். அது நியாயமான விடையே. ஆனால் அவ்விடை ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றது: நாம் ஒப்பீட்டு நன்மை என்று கூறிவந்தது மண்ணாலும் மழையாலும் மட்டும் வந்ததன்று, ஒரு சாராரின் உழைப்பு மலிவாக்கப்பட்டதாலும் வந்தது. மண்ணின் நன்மை வேறு, மலிவாக்கப்பட்ட மனிதரின் நன்மை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தல் பொருளியலன்று.

இரண்டும் பிரிக்கக்கூடியவை என்பதற்கு நமது நாட்டிலேயே ஆதாரம் உண்டு. இன்று இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேல் விளைவிப்போர் சிறுதோட்டக்காரர். காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்களில் தம் சொந்த நிலத்திற் பயிரிட்டுக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்போர். நிலமும் நிலைமையும் வேறாயினும், தேயிலை ஏற்றுமதிக்கு லயன் அறையும் நாட்கூலியும் இன்றியமையாதனவல்ல என்பதை அவர்கள் காட்டிவிட்டனர். நானுஓயாவின் மண்ணுக்கும் குளிருக்கும் உரிய நன்மையை அங்கு உழைப்போர் நிலவுரிமையோடு அனுபவிக்க முடியாதென எந்தப் பழம்பொருளியலாளரும் எழுதிவைக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது, பழம்பொருளியலாளரின் வர்த்தகக் கோட்பாடு தவறானது என்பதன்று. அது நிபந்தனைகளோடு கூறப்பட்ட உண்மை. நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் மனனம் செய்ததே நமது குறை. றிக்காடோ வைத்த எல்லை, சிமித் கூறிய கூலி, மில் குறிப்பிட்ட வேறுபாடு ஆகிய மூன்றும் பாடத்திற் சேருமாயின், மலைநாட்டு வரலாற்றுக்கு அக்கோட்பாடே சிறந்த விமர்சனக் கருவியாகும்.

நானுஓயாவிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் இன்று மாணவர் பல்கலைக்கழகங்களுக்கு வருகின்றனர். தோட்டத்தின் எல்லையைக் கடக்க அவர்களின் குடும்பங்களுக்கு நான்கு ஐந்து தலைமுறைகள் ஆயின. அவர்கள் விரிவுரை மண்டபத்திற் கற்கும் கணக்கில் துணிக்கும் மதுவுக்கும் பின்னால் 100 பேர், 120 பேர், 90 பேர், 80 பேர் என்று எண்களாய் நிற்போர் உழைக்கும் மனிதரே. அவர்கள் எங்கிருந்து வந்தனர், எங்கே போக முடிந்தது, எவ்வளவு பெற்றனர் என்று அம்மாணவர் கேட்கத் தொடங்குவாராயின், தேயிலை பற்றிய நமது பொருளியல் அங்கிருந்தே தொடங்கும்.